அந்தக் கொழுப்பு எங்கே போனது?

ஏதோ ஒரு தாவரச் சேர்மம் சுண்டெலியின் ரத்தக் கொழுப்பைக் குறைத்தது, ரத்தக்குழாயில் படிவையும் குறைத்தது என்று ஓர் ஆய்வு வந்தால் எனக்கு முதலில் எழும் கேள்வி இதுதான்: அந்தக் கொழுப்பு எங்கே போனது? ரத்தத்தில் இருந்தது மாயமாய் மறைந்துவிடாது. எரிந்திருக்க வேண்டும், பித்தத்தோடு வெளியேறியிருக்க வேண்டும், குடலிலேயே உறிஞ்சப்படாமல் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் கல்லீரலுக்குள்ளேயே தங்கியிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் நடந்தது என்றால் நோய் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால்தான் ரத்தக்குழாய் நோய் உள்ள சுண்டெலியில் கல்லீரலையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் மேல் எனக்குத் தனி மரியாதை. திசு வெட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற வேலையில் இருப்பதால் இது என் அன்றாடத்துக்கு நெருக்கமான விஷயமும்கூட. "இந்த மூலிகை கல்லீரலைக் காக்கிறதாம், படித்தீர்களா?" என்று யாராவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, இப்படி ஓர் ஆய்வை நான் எப்படிப் படிப்பேன் என்பதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்தச் சுண்டெலி. சாதாரணச் சுண்டெலிக்கு ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு வருவதே அபூர்வம். அதன் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி எச்டிஎல் ('நல்ல கொலஸ்ட்ரால்') துகள்களில்தான் இருக்கிறது. எச்டிஎல்லில் இருக்கும் கொலஸ்ட்ராலை எல்டிஎல் ('கெட்ட கொலஸ்ட்ரால்') பக்கம் மாற்றிவிடும் சிஇடிபி என்ற புரதம் மனிதருக்கு உண்டு, சுண்டெலிக்குக் கிடையாது. 1980களில் பெவர்லி பைகன் என்ற ஆய்வாளர் கொழுப்பும் 1.25 சதவீதம் கொலஸ்ட்ராலும் அதோடு 0.5 சதவீதம் கோலிக் அமிலமும் (பித்த அமிலங்களில் ஒன்று) கலந்த ஓர் உணவைக் கொடுத்து, சி57பிஎல்/6 வகைச் சுண்டெலிகளில் சிறிய படிவுகளை வரவழைத்தார். ஆனால் கோலிக் அமிலம் தானே கல்லீரலில் அழற்சியை உண்டாக்கும் பொருள். அந்த உணவைக் கொடுத்துவிட்டுக் கல்லீரலைப் பற்றி எதையாவது சொல்வது கொஞ்சம் ஆபத்தான காரியம், இன்றும் அப்படிச் சில ஆய்வுகள் வரத்தான் செய்கின்றன.

1992இல் நிலைமை மாறியது. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நொபுயோ மயேடாவின் குழுவும், ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரெஸ்லோவின் குழுவும் தனித்தனியாக அப்போ-ஈ மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியை உருவாக்கினார்கள். சாதாரணச் சுண்டெலிக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராம் சொச்சம் என்றால், இதற்குச் சாதாரணத் தீனியிலேயே 500ஐ நெருங்கும். கொழுப்பு அதிகமான உணவு கொடுத்தால் 1,800 வரை போகும். ரத்தம் எடுத்து மையவிலக்கில் சுற்றி வைத்தால், மேலே நிற்கும் பிளாஸ்மா தெளிவான வெளிர்மஞ்சளாக இருக்காது, வெள்ளையாகக் கலங்கி நிற்கும். முதல்முறை பார்ப்பவர்கள் மாதிரி கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார்கள். அடுத்த ஆண்டே எல்டிஎல் துகளைக் கல்லீரலுக்குள் இழுக்கும் எல்டிஎல் ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலியும் வந்தது. இன்று தாவரச் சேர்மம், ரத்தக்குழாய், கல்லீரல் மூன்றும் சேர்ந்து வரும் ஆய்வு எதை எடுத்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் அதில் இருக்கும்.

அப்போ-ஈ என்ன செய்கிறது? கொழுப்பைச் சுமந்து ரத்தத்தில் ஓடும் துகள்களின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்துத்தான் கல்லீரல் அந்தத் துகளின் மிச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சீட்டு இல்லாத துகள்கள் ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றிக் கடைசியில் தமனியின் சுவரில் போய்ச் சேர்கின்றன. ரத்தத்தில் உள்ள அப்போ-ஈயில் பெரும்பகுதியைத் தயாரிப்பதும் கல்லீரல்தான். ஆக, இந்த நோய் பெருந்தமனியில் தெரிகிறதே தவிர, அது தொடங்கும் இடம் கல்லீரல். (ஒரு சுவையான செய்தி: இந்தச் சுண்டெலிக்குச் சாதாரணச் சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையை மாற்றி வைத்தாலே கொலஸ்ட்ரால் இறங்கிவிடுகிறது, படிவும் வருவதில்லை என்று 1995இல் காட்டினார்கள். மஜ்ஜையில் இருந்து பிறக்கும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்கள் சுரக்கும் கொஞ்சம் அப்போ-ஈயே அதற்குப் போதுமானதாக இருந்தது.)

இங்கே பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று உண்டு. அப்போ-ஈ இல்லாத கல்லீரல் செல்லுக்கு வெளியிலிருந்து துகள்களை வாங்குவதில் மட்டும் சிக்கல் இல்லை. உள்ளே இருக்கும் ட்ரைகிளிசரைடை (உடல் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் வடிவம்) விஎல்டிஎல் என்ற கொழுப்பு சுமக்கும் துகளாகக் கட்டி வெளியே அனுப்புவதிலும் சிக்கல். 1997இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். அதாவது இந்தச் சுண்டெலியின் கல்லீரலில் சேரும் கொழுப்பில் ஒரு பங்கு உணவால் வந்தது, ஒரு பங்கு மரபணு இல்லாததால் வந்தது. மனிதருக்கு வரும் கொழுப்புக் கல்லீரல் அப்படி வருவதில்லை. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களிடம் 2005இல் செய்த ஓர் அளவீட்டில், கல்லீரலில் இருந்த ட்ரைகிளிசரைடில் ஏறத்தாழ 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து கரைந்து வந்த கொழுப்பு அமிலம், 26 சதவீதம் கல்லீரல் தானே புதிதாகத் தயாரித்தது, உணவிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம்தான் என்று தெரிந்தது. கொழுப்பைத் தீனியில் கொட்டி வரவழைத்த சுண்டெலிக் கல்லீரலில் ஒரு மருந்து வேலை செய்தால், அது இந்த மூன்று வழிகளில் எதைத் தடுத்தது என்று கேட்காமல் மனிதரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சரி, இடமாற்றம் என்று சொன்னேனே, அது வெறும் கற்பனை பயம் இல்லை. எல்எக்ஸ்ஆர் என்று, செல்லின் உட்கருவில் இருந்து மரபணுக்களைத் தூண்டும் ஓர் ஏற்பி இருக்கிறது. அதைத் தூண்டினால் மேக்ரோபேஜ்கள் தங்களுக்குள் சேர்ந்த கொலஸ்ட்ராலை வெளியே தள்ளுகின்றன, தமனியில் படிவு குறைகிறது. 2002இல் ஜிடபிள்யூ3965 என்ற செயற்கைச் சேர்மத்தை வைத்து, மேலே சொன்ன இரண்டு வகைச் சுண்டெலிகளிலும் இதை அழகாகக் காட்டினார்கள். ஆனால் அதே எல்எக்ஸ்ஆர் கல்லீரலில் எஸ்ஆர்இபிபி-1சி என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தையும் தூண்டிவிடும், அது புதிய கொழுப்பு அமிலத் தயாரிப்பை முடுக்கிவிடும். முன்பே 2000இல் டி0901317 என்ற இன்னொரு சேர்மத்தில் இது தெரிந்துவிட்டது: சுண்டெலியின் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு ஏறியது, கல்லீரல் கொழுத்தது. தமனி பிழைத்தது, கல்லீரல் மாட்டிக்கொண்டது. எவ்வளவு எதிர்பார்ப்போடு தொடங்கிய வழி, இந்த ஒரு காரணத்தால்தான் பெரிதும் முடங்கியது.

மனிதருக்கான மருந்திலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோமிடாபைடு, கல்லீரல் விஎல்டிஎல் துகளைக் கட்டுவதையே தடுத்து எல்டிஎல்லை இறக்குகிறது. வெளியே போக முடியாத கொழுப்பு உள்ளேயே தங்குகிறது. அதனால் அது மிக அரிதான பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் உள்ளவர்களுக்கு மட்டும், கல்லீரல் பரிசோதனைகளை விடாமல் செய்துகொண்டே கொடுக்கப்படும் மருந்து. ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்தால் இது பிரமாதமான மருந்து. கல்லீரலையும் பார்த்தால்தான் முழு விஷயமும் புரியும்.

ஒரு தாவரச் சேர்மம் இந்தச் சுண்டெலியில் படிவையும் குறைத்து, கல்லீரல் கொழுப்பையும் குறைத்து, அழற்சியையும் குறைத்தது என்றால் அது உண்மையிலேயே நல்ல செய்தி. ஏனென்றால் மேலே சொன்ன பொறியில் அது விழவில்லை என்று அர்த்தம். மனிதரிலும் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் முதன்மையான மரணக் காரணம் கல்லீரல் செயலிழப்பு இல்லை, இதயமும் ரத்தக்குழாயும்தான். இரண்டையும் ஒரே உடலில் வைத்துப் பார்க்கும் ஆய்வு தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் "கல்லீரலைக் காத்தது" என்பதை எதை வைத்துச் சொன்னார்கள்? இங்கேதான் நான் நிறைய நேரம் நிற்பேன்.

ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற இரண்டு நொதிகளை ரத்தத்தில் அளப்பது வழக்கம். கல்லீரல் செல் சேதமானால் உள்ளே இருப்பது ரத்தத்தில் கசியும். எளிதான அளவீடு, ஆனால் இது மட்டும் போதாது. கல்லீரல் நிறையக் கொழுப்போடு இருக்கும்போதும் ஏஎல்டி இயல்பாக இருக்கலாம். அப்புறம் ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலே ஏஎஸ்டி ஏறிவிடும். அதனால் திசுவைப் பார்த்தே ஆக வேண்டும்.

திசுவில் என்ன தெரியும் என்று கொஞ்சம் சொல்கிறேன். ஆரோக்கியமான சுண்டெலிக் கல்லீரல் ஆழ்ந்த செம்பழுப்பு நிறத்தில், விளிம்பு கூராக இருக்கும். கொழுத்தது வெளிறி மஞ்சள் கலந்து, விளிம்பு மழுங்கி, கத்தி படும்போது வழவழவென்று எண்ணெய்ப் பசையோடு இருக்கும். நிறையக் கொழுப்பு இருந்தால் ஃபார்மலினில் போட்டதும் மூழ்காமல் மிதக்கும். வழக்கமான முறையில் ஆல்கஹால், சைலீன் எல்லாம் கடந்து மெழுகில் பதித்து வெட்டினால் கொழுப்பு கரைந்துபோய்விடும். ஸ்லைடில் நாம் பார்ப்பது கொழுப்பு இருந்த இடத்தின் வெற்று வட்டங்களை. சில செல்களில் ஒரே பெரிய வட்டம், உட்கருவை ஓரமாகத் தள்ளிவிட்டிருக்கும். சிலவற்றில் நுண்ணிய குமிழிகள், உட்கரு நடுவிலேயே இருக்கும். கிளைகோஜன் (கல்லீரல் சேமித்து வைக்கும் சர்க்கரை) நிறைந்த செல்லும் வெளிறித்தான் தெரியும், பழக்கமில்லாத கண் அதையும் கொழுப்பு என்று எண்ணிவிடும். கொழுப்பையே பார்க்க வேண்டும் என்றால் உறைய வைத்த திசுவை வெட்டி ஆயில் ரெட் ஓ சாயம் ஏற்ற வேண்டும். நீல உட்கருக்களுக்கு நடுவே செந்நிறத் துளிகள், அவ்வளவு தெளிவாகத் தெரியும். அதனால்தான் மெழுகு ஸ்லைடு படம் ஒன்றை மட்டும் போட்டு "கொழுப்பு கணிசமாகக் குறைந்தது" என்று முடிக்கும் கட்டுரையை நான் நம்பத் தயங்குவேன். திசுவை அரைத்து ட்ரைகிளிசரைடு அளவை ரசாயன முறையில் அளந்த எண்ணும் கூடவே இருக்க வேண்டும்.

இன்னும் சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன, கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ஒரே வரியில் வந்துபோகும். சுண்டெலியை இரவு முழுக்கப் பட்டினி போட்டு மறுநாள் காலை திசு எடுத்தார்களா? சுண்டெலி இரவில் தின்னும் பிராணி. இரவுப் பட்டினி அதற்கு நீண்ட பட்டினி. அந்தப் பட்டினியிலேயே உடல் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வந்து சேரும், ஆரோக்கியமான சுண்டெலியிலும் கல்லீரல் கொழுத்துத் தெரியும். மருந்து கொடுத்த குழுவை முதலிலும் கொடுக்காத குழுவைக் கடைசியிலும் எடுத்தால் பட்டினி நேர வித்தியாசமே முடிவாக வந்துவிட வாய்ப்பு உண்டு. சுண்டெலிக் கல்லீரலுக்குப் பல மடல்கள். எல்லா விலங்கிலும் ஒரே மடலிலிருந்து எடுத்தார்களா? ஸ்லைடைப் பார்த்துக் கொழுப்புக்கு மதிப்பெண் போட்டவருக்கு எது எந்தக் குழு என்று தெரியுமா, தெரியாதா? கடைசிக் கேள்விக்குக் கட்டுரையில் பதில் இல்லை என்றால், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதன் எடையைப் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

மிக எளிமையான கேள்வி ஒன்று இருக்கிறது, எளிமையாக இருப்பதாலேயே விட்டுப்போகிறது: சுண்டெலிகள் சரியாகச் சாப்பிட்டனவா? தாவரச் சேர்மங்கள் பலவும் கசப்பானவை. தீனியில் கலந்து கொடுத்தால் கொஞ்சம் குறைவாகத் தின்னும். கொழுப்புத் தீனியைக் குறைவாகத் தின்றால் எடை குறையும், கொலஸ்ட்ரால் குறையும், கல்லீரலும் தெளியும். அதில் சேர்மத்தின் பங்கு என்ன? உணவு அளவும் உடல் எடையும் வாரவாரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலிலேயே தேடிப் பார்ப்பது நல்லது.

இனி சேர்மங்கள். அதிகம் பேசப்படுபவற்றில் என் பார்வையில் மிகவும் உறுதியாக நிற்பது பெர்பெரின். மரமஞ்சள் இனச் செடிகளில் இருக்கும் மஞ்சள் நிற ஆல்கலாய்டு. 2004இல் வந்த ஒரு சீன ஆய்வில், கல்லீரல் செல்லில் எல்டிஎல் ஏற்பியைத் தயாரிக்கச் சொல்லும் எம்ஆர்என்ஏ சீக்கிரம் சிதைந்துபோகாமல் பெர்பெரின் நிலைப்படுத்துகிறது என்று கண்டார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கப் பரவலாகக் கொடுக்கப்படும் ஸ்டாட்டின் மருந்து வேலை செய்யும் வழி வேறு, இது வேறு. அதே ஆய்வில் கொலஸ்ட்ரால் அதிகம் உள்ள 32 பேருக்கு மூன்று மாதம் கொடுத்ததில் எல்டிஎல் 25 சதவீதமும் ட்ரைகிளிசரைடு 35 சதவீதமும் குறைந்தன. செல்லில் வழிமுறை, விலங்கில் விளைவு, மனிதரில் எண் என்று மூன்றும் ஒரே கட்டுரையில் இருந்தது. சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் இப்படி அமைவது அபூர்வம். இதில் வியப்பு என்னவென்றால், வாய்வழி கொடுக்கும் பெர்பெரினில் ஒரு சதவீதம்கூட முழுசாக ரத்தத்துக்குப் போவதில்லை. மிச்சம் குடலில் இருக்கிறது, குடல் நுண்ணுயிர்களோடு ஏதோ செய்கிறது, கல்லீரலில் சிதைகிறது. குடலில் நுண்ணுயிர்கள் தயாரிக்கும் டிஎம்ஏ என்ற பொருளைக் கல்லீரல் டிஎம்ஏஓ ஆக மாற்றுவதும், அது தமனிப் படிவோடு தொடர்புள்ளது என்பதும் 2011இலிருந்து பேசப்படுகிறது. இந்த வகைச் சேர்மங்களின் வேலை அங்கேயே, குடலில் இருந்து கல்லீரல் வரைக்குமான அந்தச் சிறிய தூரத்திலேயே முடிந்துவிடுகிறதோ என்பது என் சந்தேகம்.

அந்தத் தூரத்தைப் பற்றி யோசித்தால் இன்னொன்றும் புரியும். குடலில் உறிஞ்சப்படும் எதுவும் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது, அதைத் தாண்டிய பிறகுதான் மற்ற உறுப்புகள். மஞ்சளில் உள்ள குர்குமினோ திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலோ கல்லீரலைத் தாண்டும்போது குளுகுரோனைடு, சல்ஃபேட் என்று வேறு உருவம் எடுத்துவிடுகிறது. பொது ரத்த ஓட்டத்தில் அசல் மூலக்கூறு மிகக் குறைவு. ஆனால் கல்லீரல் மட்டும் அதைக் கொஞ்சம் அதிகச் செறிவில் பார்க்கிறது. ஆகவே "இந்தச் சேர்மம் தமனிச் சுவரில் நேரடியாக வேலை செய்தது" என்று ஒரு கட்டுரை வாதாடினால் எனக்கு நம்பிக்கை குறைவு. கல்லீரல் முதலில் சரியானது, அதனால் ரத்தம் தெளிந்தது, அதனால் தமனி பிழைத்தது என்றால் நம்ப முடிகிறது. கல்லீரல் பாதுகாப்பு என்று கட்டுரையின் கடைசியில் ஒரு படமாக வைப்பதுதான் பல நேரங்களில் உண்மையில் முதல் படமாக இருந்திருக்க வேண்டும் என்பேன்.

தட்டில் வளர்த்த செல்களில் 20, 50 மைக்ரோமோலார் செறிவில் சேர்மத்தை ஊற்றி "செல்லைக் காக்கும் என்ஆர்எஃப்2 புரதத்தைத் தூண்டியது, அழற்சியைக் கிளப்பும் என்எஃப்-கப்பா-பி புரதத்தை அடக்கியது" என்று சொல்வதற்கு நான் பெரிய மதிப்பு தருவதில்லை. அந்தச் செறிவில் பாலிஃபீனால் (தாவரங்களில் பரவலாக இருக்கும் சேர்மங்கள்) வகையைச் சேர்ந்த எதை ஊற்றினாலும் ஏறக்குறைய இதே முடிவுதான் வரும். குர்குமின் பல்வேறு சோதனைகளில் போலியான நேர்மறை முடிவு காட்டக்கூடிய மூலக்கூறு என்று 2017இல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாகவே எழுதினார்கள். அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலியில் சேர்மத்தின் பலன் காணாமல் போகிறதா என்று பார்த்திருந்தால் மட்டும் வழிமுறையை ஏற்கலாம்.

அப்படிப் பார்த்தும் மனிதரில் தலைகீழாகப் போன கதை ஒன்று இருக்கிறது, இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுவது. குக்குலு மரப் பிசினில் இருந்து எடுத்த குக்குல்ஸ்டெரோன் என்ற சேர்மம். 2002இல், அது எஃப்எக்ஸ்ஆர் என்ற பித்த அமில ஏற்பியைத் தடுக்கிறது என்றும், கொலஸ்ட்ரால் உணவு கொடுத்த சுண்டெலியின் கல்லீரலில் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்றும், எஃப்எக்ஸ்ஆர் இல்லாத சுண்டெலியில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்றும் காட்டினார்கள். வழிமுறை இவ்வளவு சுத்தமாக நிறுவப்பட்ட தாவரச் சேர்மம் அப்போது வேறு எத்தனை இருந்திருக்கும்? மறு ஆண்டே அமெரிக்காவில் கொலஸ்ட்ரால் அதிகமான 103 பேரை வைத்து எட்டு வாரச் சோதனையின் முடிவு வந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு எல்டிஎல் 5 சதவீதம் குறைந்தது. குக்குலு சாறு எடுத்தவர்களுக்கு 4, 5 சதவீதம் ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. சுண்டெலி ஆய்வில் தவறு எதுவும் இல்லை. பித்த அமிலங்களின் கலவையே சுண்டெலிக்கும் மனிதருக்கும் வேறு. சுண்டெலியில் பெரும் பங்கு வகிக்கும் மியூரிகோலிக் அமிலங்கள் மனிதரிடம் இல்லை. அந்த ஏற்பியைத் தொடும் எந்தச் சேர்மத்துக்கும் இந்த வித்தியாசம் குறுக்கே நிற்கும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. ஜப்பானில் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையில் இருந்து காம்பாக்டினைப் பிரித்தெடுத்தார். முதல் ஸ்டாட்டின் அதுதான். எலிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் குறையவே இல்லை. கோழி, நாய், குரங்கு என்று மற்ற விலங்குகளில் பார்த்ததால்தான் அது பிழைத்தது. எலியோடு நிறுத்தியிருந்தால் கோடிக்கணக்கானவர்கள் இன்று எடுக்கும் மருந்துக் குடும்பமே வந்திருக்காது. ஆகையால் "சுண்டெலியில் வேலை செய்யவில்லை, தூக்கிப் போடு" என்பதற்கும் நான் உடன்பட மாட்டேன்.

சிலிமரினைச் சொல்லாமல் போக முடியாது, பால் நெருஞ்சில் விதையில் இருந்து வருவது, கல்லீரல் என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர். நச்சுக் காளான் சாப்பிட்டவர்களுக்கு ஐரோப்பாவில் சிலிபினினை ஊசியாகவே கொடுக்கிறார்கள். ஆனால் 2012இல், இன்டர்ஃபெரான் என்ற சிகிச்சை பலன் தராத ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 154 பேருக்கு வழக்கத்தைவிட அதிக அளவில் 24 வாரம் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்ததில், ஏஎல்டி விஷயத்தில் போலி மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. கொழுப்புக் கல்லீரல் வேறு நோய் என்று வாதாடலாம், சரிதான். அப்படியென்றால் அந்த நோயில் பெரிய சோதனை செய்து காட்டட்டும்.

காலமும் அளவும் பற்றிக் கொஞ்சம். சுண்டெலி ஆய்வுகளில் மிகப் பெரும்பாலும் கொழுப்புத் தீனியும் சேர்மமும் ஒரே நாளில் தொடங்குகின்றன. அது தடுப்பு. மனிதர் மருத்துவரிடம் வரும்போது படிவும் இருக்கிறது, கல்லீரலும் கொழுத்தாயிற்று. முதலில் சில வாரம் நோயை வரவிட்டு, பிறகு சேர்மம் கொடுத்து, அப்போதும் கல்லீரல் தெளிந்தது என்று காட்டும் ஆய்வு கையில் கிடைத்தால் நான் அதை முழுக்கப் படிப்பேன். ஆண் சுண்டெலி மட்டும் வைத்துச் செய்ததா என்றும் பார்க்க வேண்டும். இரு பாலையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2017இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது.

அளவு பற்றிய குழப்பம் எப்போதும் வருவது. சுண்டெலிக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால் 60 கிலோ மனிதருக்கு 6 கிராம் என்று நேராகப் பெருக்கக்கூடாது. உடல் பரப்பளவை வைத்துச் செய்யும் வழக்கமான கணக்கில் சுண்டெலி அளவை 12.3ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 8 மில்லிகிராம், 60 கிலோவுக்கு ஏறத்தாழ அரை கிராம். இதுவும் சோதனைக்கான தொடக்க மதிப்பீடுதான், வீட்டில் எடுத்துக்கொள்வதற்கான அளவு இல்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்லீரலைக் காப்பதாக விற்கப்படும் செறிவூட்டப்பட்ட சாறுகளே கல்லீரலைக் கெடுத்த பதிவுகள் இருக்கின்றன. பச்சைத் தேயிலையில் உள்ள ஈஜிசிஜி என்ற சேர்மம் துணை உணவாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போகும்போது கல்லீரல் நொதிகள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் அமெரிக்க வலையமைப்பு ஒன்று, மஞ்சள் சார்ந்த துணை உணவுகளால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி எழுதியது. அதில் ஏழு பேருக்கு எச்எல்ஏ-பி*35:01 என்ற மரபு வகை இருந்தது, ஒருவர் இறந்தார். மூன்று பேர் எடுத்ததில் உறிஞ்சலைக் கூட்டுவதற்காக மிளகும் சேர்ந்திருந்தது. ஆய்வகத்தில் ஒரே மரபு கொண்ட சுண்டெலிகளை வைத்துப் பாதுகாப்பு பார்க்கிறோம், அதனால் மனிதரில் ஒரு சிலருக்கு மட்டும் வரும் இந்த மாதிரி பாதிப்பு அங்கே தென்படவே தென்படாது.

கொழுப்புக் கல்லீரலும் கொலஸ்ட்ராலும் சேர்ந்து இருக்கிறது, இதில் எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: உடல் எடை கூடுதலாக இருந்தால் அதில் 7 முதல் 10 சதவீதம் குறைப்பது கல்லீரல் அழற்சிவரை குறைக்கிறது என்பது மனிதரிலேயே திசு எடுத்துப் பார்த்த உண்மை. ஸ்டாட்டின் எழுதிக் கொடுத்திருந்தால் "கல்லீரல் கெட்டுவிடும்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கும் அது பெரும்பாலும் பாதுகாப்பானதே. பெர்பெரின் எடுக்க நினைத்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள், அது கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியைத் தடுக்கும், சில ஸ்டாட்டின்களின் அளவு ரத்தத்தில் ஏறிவிடலாம். எந்தச் சாறாக இருந்தாலும் தொடங்குவதற்கு முன் ஒரு ஏஎல்டி, சில வாரம் கழித்து ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கருத்தாலோ, கண் மஞ்சளானாலோ, காரணமில்லாமல் உடம்பு அரித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். என்ன எடுத்தீர்கள் என்று அவர் கேட்கும்போது பெயர் மட்டும் போதாது, லேபிளில் இருக்கும் எல்லாமே அவருக்குத் தேவைப்படும்.